ஆட்டம் தொடங்கும் முன்பே வரும் பட்டியல்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் கரீம் அப்துல் ஜப்பார் விருதும்

சென்ற மாதம் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "ஹஜ்ரத், இதப் பாருங்க. கரீம் அப்துல் ஜப்பார் விருதுக்கு 20 பேர் பெயரை அறிவிச்சிருக்காங்க. ஆனா சீசனே இன்னும் ஆரம்பிக்கல. ஒரு ஆட்டம்கூட ஆடாம எப்படி விருதுப் பட்டியல்ல பெயர் வரும்?"

நியாயமான கேள்வி. மதரஸாவில் ஓதிய காலத்திலும் சரி, பிறகு பி.ஏ. படித்த காலத்திலும் சரி, தேர்வு எழுதாமல் யாரும் நமக்கு மதிப்பெண் போட்டதில்லை. அந்தத் தம்பிக்கு வாசலில் நின்றபடி பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். வீட்டில் கூடைப்பந்து பார்க்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பது பெற்றோருக்கும் கொஞ்சம் புரியட்டும்.

ஐந்து பேர், ஐந்து வேலைகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் நிலைப் பிரிவை 'டிவிஷன் ஒன்று' என்பார்கள். அதில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. ஒரு கல்லூரிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் என்று கணக்கிட்டாலே ஆண்கள் பிரிவில் மட்டும் நாலாயிரம் பேருக்கு மேல் வந்துவிடும். நவம்பர் தொடக்கத்தில் சீசன் ஆரம்பமாகும். மார்ச்சில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி நடக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் இறுதி ஆட்டம்.

களத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். பந்தைக் கொண்டுவந்து, யாருக்கு எப்போது தர வேண்டும் என்று முடிவெடுப்பவர் பாயிண்ட் கார்ட்; அணியின் மூளை அவர்தான். தூரத்திலிருந்து எறிந்து புள்ளி எடுப்பதை முதல் வேலையாகக் கொண்டவர் ஷூட்டிங் கார்ட். வெளியிலும் ஆடுவார், உள்ளே புகுந்தும் ஆடுவார் என்றால் ஸ்மால் ஃபார்வர்ட். உடல் பலத்தோடு வளையத்துக்கு அருகில் மல்லுக்கட்டுபவர் பவர் ஃபார்வர்ட். பெரும்பாலும் அணியிலேயே உயரமானவராக இருந்து, 10 அடி உயர வளையத்தைக் காவல் காத்து, தவறி விழும் பந்தைப் பிடிப்பவர் சென்டர்.

வேலை வேறு வேறாக இருப்பதால்தான் தரவரிசையையும் இடவாரியாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாயிண்ட் கார்ட் ஆட்டத்துக்கு எட்டு முறை மற்றவருக்குப் பந்து கொடுத்துப் புள்ளி எடுக்க வைத்தால் அது மிகப் பெரிய சாதனை. சென்டரிடம் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சென்டர் பன்னிரண்டு ரீபவுண்ட் பிடிப்பார். பாயிண்ட் கார்டுக்கு அது அநேகமாக முடியாத காரியம். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி யார் உயர்ந்தவர் என்று கேட்பது, கிராஅத் ஓதுபவரையும் பாகப்பிரிவினைக் கணக்குப் போடுபவரையும் ஒரே தாளில் சோதிப்பது போன்றது.

இந்த ஐந்து இடங்களுக்கும் கூடைப்பந்தின் புகழ் மண்டபமான நெய்ஸ்மித் மண்டபம் தனித்தனி விருது வைத்திருக்கிறது. பாயிண்ட் கார்டுக்கு பாப் கூசி பெயரில் 2004 முதல் வழங்குகிறார்கள். ஷூட்டிங் கார்டுக்கு ஜெர்ரி வெஸ்ட், ஸ்மால் ஃபார்வர்டுக்கு ஜூலியஸ் எர்விங், பவர் ஃபார்வர்டுக்கு கார்ல் மலோன், சென்டருக்கு கரீம் அப்துல் ஜப்பார். இந்த நான்கும் 2015இல் தொடங்கியவை. சீசன் தொடங்குவதை ஒட்டி ஒவ்வொரு இடத்துக்கும் 20 பேர் கொண்ட கவனிப்புப் பட்டியல் வரும். நடுவில் அது 10 ஆகும், பிறகு 5 ஆகும், முடிவில் ஒருவர் மிஞ்சுவார். தம்பி காட்டியது இதில் முதல் கட்டம். அதில் பெயர் வந்தால், இந்த ஆண்டு இவரைக் கவனியுங்கள் என்று பொருள். விருது பிறகு வருவது. பட்டியலில் இல்லாதவர் நன்றாக ஆடினால் நடுவில் சேர்க்கவும் வழி உண்டு.

இது தவிர, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1986-87 சீசனிலிருந்து, ஆட்டம் தொடங்கும் முன்பே நாட்டின் சிறந்த வீரர்கள் என்று ஓர் அணியைப் பத்திரிகையாளர் வாக்குகளால் அறிவிக்கிறது. 'ப்ளூ ரிப்பன்' என்ற ஆண்டு மலர் 1981 முதல் வருகிறது. தொலைக்காட்சி நிறுவனங்கள் போடும் பட்டியல்களுக்குக் கணக்கே இல்லை.

எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்?

பட்டியல் போடுபவர் முன்னால் மூன்று வகை வீரர்கள் நிற்கிறார்கள். சென்ற ஆண்டு இதே கல்லூரியில் ஆடி மீண்டும் வருபவரிடம் சாட்சி இருக்கிறது. எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை எறிதல் உள்ளே போனது, பந்தை எத்தனை முறை பறிகொடுத்தார் என்று எல்லாம் எண்ணாகக் கிடைக்கும்.

இரண்டாமவர் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர். முன்பு கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு உட்கார வேண்டும் என்பது பொது விதி. 2021இல் அது தளர்ந்தது. இப்போது ஒவ்வொரு வசந்த காலத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் மாறுகிறார்கள். சிறிய கல்லூரியில் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்தவர் பெரிய கல்லூரியில் என்ன செய்வார்? ஊரில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை சென்னையின் பெரிய கல்லூரியில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யூகிப்பது போலத்தான் அது. பழைய எண் உண்மையானது. ஆனால் அது வேறொரு களத்தில் எடுத்த எண்.

மூன்றாமவர் பள்ளி முடித்து நேராக வரும் முதலாண்டு மாணவர். கல்லூரியில் ஒரு நிமிடம்கூட ஆடாதவர். பள்ளி ஆட்டங்களையும் கோடை முகாம்களையும் பார்த்தவர்களின் கருத்துதான் அவருக்கு ஆதாரம். அப்படியிருந்தும் சில ஆண்டுகளில் பட்டியலின் உச்சியில் நிற்பது இவர்தான். அமெரிக்கத் தொழில்முறை அமைப்பான என்.பி.ஏ., 19 வயது ஆகாதவரை 2006 முதல் எடுப்பதில்லை. அதனால் மிகத் திறமையான பையன்கள் ஓர் ஆண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டுப் போகிறார்கள். அந்த ஓர் ஆண்டை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பட்டியல்காரர்களுக்கு.

இந்த இடத்தில் மதரஸாவில் படித்தவர்களுக்கு ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. மனிதர்களைத் தரம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடும் ஜர்ஹ்-தஃதீல் என்ற கலையே அதற்காக வளர்ந்தது. இப்னு ஹஜர் (ரஹ்) தம் தக்ரீபில் அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு படிகளில் வைத்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு, ஒருவர் அறிவித்தவற்றையெல்லாம் மற்றவர்கள் அறிவித்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வந்தது. இங்கே தீர்ப்பு முதலில் வருகிறது, ஒப்பீடு பிறகு. இரண்டையும் சமமாக வைப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். யகீன் எது, ழன் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கும்போதும் உதவும் என்பதற்காகச் சொன்னோம்.

1965 நவம்பர் 27

அந்தச் சென்டர் விருதுக்குப் பெயர் தந்தவரின் கதையே இந்தப் பட்டியல்களைப் பற்றிய நல்ல பாடம்.

1947இல் நியூயார்க்கில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் லூ அல்சிண்டர். ஏழடி இரண்டங்குல உயரம். பள்ளியிலேயே நாடறிந்தவர். 1965இல் லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ. கல்லூரியில் சேர்ந்தார். அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர் கல்லூரியின் பிரதான அணியில் ஆட முடியாது. 1972-73 சீசனில்தான் அது மாறியது. எனவே முதலாண்டு மாணவர்களுக்கென்று தனி அணி இருந்தது. சீசனுக்கு முந்தைய பட்டியல்களில் அதற்கு இடமே இல்லை.

யு.சி.எல்.ஏ.வின் பிரதான அணி அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன். அந்த ஆண்டும் சீசனுக்கு முந்தைய தரவரிசையில் நாட்டிலேயே முதலிடம். புதிதாகக் கட்டிய பாலி பெவிலியன் அரங்கில் 1965 நவம்பர் 27 அன்று பிரதான அணியும் முதலாண்டு அணியும் வழக்கமான காட்சி ஆட்டம் ஆடின. முதலாண்டு அணி 75-60 என்று வென்றது. அல்சிண்டர் 31 புள்ளி, 21 ரீபவுண்ட். நாட்டின் முதல் அணி என்று அச்சில் ஏறிய அணி, தன் கல்லூரி வளாகத்திலேயே முதல் அணியாக இல்லை!

அடுத்த ஆண்டு பிரதான அணிக்கு வந்தார். மூன்று சீசன்களில் யு.சி.எல்.ஏ. 88 வெற்றி, 2 தோல்வி. 1967, 1968, 1969 மூன்றிலும் தேசியப் பட்டம். பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிக்கும் டங்க் முறையையே 1967இல் கல்லூரி ஆட்டத்தில் தடை செய்தார்கள். அது தன்னைக் குறிவைத்த தடை என்றே அவர் கருதினார். தடை 1976 வரை நீடித்தது. டங்க் கூடாதென்றால் என்ன, கையை வளைத்துத் தலைக்கு மேலிருந்து எறியும் ஸ்கைஹூக் என்ற முறையைத் தீட்டிக்கொண்டார். பிற்காலத்தில் யாராலும் தடுக்க முடியாத ஆயுதமானது அதுதான்.

1968இல், கல்லூரியில் படிக்கும்போதே இஸ்லாத்தைத் தழுவினார். அதே ஆண்டு, கறுப்பின மக்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து மெக்சிகோ ஒலிம்பிக்குக்குப் போக மறுத்தார். 1971இல் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரைப் பகிரங்கமாக ஏற்றார். அவர் எடுத்த 38,387 புள்ளிகள் என்ற என்.பி.ஏ. சாதனையை 2023 பிப்ரவரி 7 அன்றுதான் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டினார்.

இன்று ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிச் சென்டர்களின் பட்டியல் அந்த முஸ்லிம் பெயரோடு வெளிவருகிறது. அந்தப் பெயரை ஏற்ற நாட்களில் அவருக்குக் கிடைத்தது கைதட்டல் அல்ல என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு தலைகீழான ஓர் ஆண்டு

2022-23 சீசனை எடுத்துக்கொள்வோம். முந்தைய ஏப்ரலில் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்ற வட கரோலினா அணியில், தொடக்க வீரர்கள் ஐவரில் நால்வர் திரும்பி வந்தார்கள். அனுபவம் அப்படியே இருக்கிறது, பிறகென்ன? சீசனுக்கு முன் முதலிடம் கொடுத்தார்கள். அவர்களின் உயர வீரர் அர்மாண்டோ பேக்கோட் அசோசியேட்டட் பிரஸ் ஐவரில் ஒருவர். மார்ச் வந்தபோது தேசியப் போட்டிக்கே அந்த அணி தேர்வாகவில்லை. 1985இல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கிய அணிக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. ஒரே ஆட்கள், ஒரே பயிற்சியாளர், ஒரே அரங்கு. சென்ற ஆண்டின் எண்கள் இந்த ஆண்டுக்கு வாக்குறுதி தரவில்லை.

அந்த ஐவரில் இல்லாத ஒருவர் பர்டூ கல்லூரியின் ஸாக் ஈடி. கனடாக்காரர், ஏழடி நாலங்குலம். சிறு வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர்; கூடைப்பந்துக்கு வந்ததே உயர்நிலைப் பள்ளி நாட்களில்தான். பள்ளி முடிக்கும்போது நாட்டு வரிசையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பின்னால் இருந்தார். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 22.3 புள்ளி, 12.9 ரீபவுண்ட் எடுத்து நாட்டின் சிறந்த வீரரானார். கரீம் அப்துல் ஜப்பார் விருதும் அவருக்கே. மறு ஆண்டும் இரண்டையும் வென்றார். தரவரிசையில் இல்லாமல் தொடங்கிய பர்டூ அணி டிசம்பரில் முதலிடம் வந்தது. அதே அணி மார்ச்சில், போட்டியிலேயே கடைசித் தகுதி வரிசையில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன் என்ற சிறிய கல்லூரியிடம் முதல் சுற்றில் தோற்றதும் நடந்தது. ஆக, பாதி சீசன் ஆடிய பிறகு போட்ட வரிசையும் பொய்க்கத்தான் செய்கிறது.

அந்த ஆண்டின் பட்டத்தை வென்றது கனெக்டிகட். சீசனுக்கு முந்தைய 25 அணிகளில் அந்தப் பெயர் இல்லை. அவர்களின் உயர வீரர் ஆதமா சனோகோ, மாலி நாட்டிலிருந்து வந்த முஸ்லிம். அவரும் அசோசியேட்டட் பிரஸ் ஐவரில் இல்லை. போட்டியின் உச்சக்கட்டம் ரமளானில் வந்தது. பயணத்தில் இருப்பவர் நோன்பை வேறு நாளில் வைக்க மார்க்கம் சலுகை தருகிறது. அவர் வைப்பதையே தேர்ந்தார். ஹூஸ்டனில் அரையிறுதியும் இறுதியும் இரவு ஆட்டங்கள். நோன்பு திறந்துவிட்டுக் களம் இறங்கினார். அரையிறுதியில் 21 புள்ளி, 10 ரீபவுண்ட். ஏப்ரல் 3 அன்று சான் டியாகோ ஸ்டேட் அணியை 76-59 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் 17 புள்ளி, 10 ரீபவுண்ட். இறுதிக் கட்டத்தின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது.

பட்டியல்கள் எப்போதும் தவறு என்று இதற்குப் பொருள் கொள்வது அநீதி. 2024-25 சீசனுக்கு முன் டியூக் கல்லூரியின் கூப்பர் ஃபிளாக் கல்லூரியில் ஒரு நிமிடமும் ஆடாதவர். 18 வயதுகூட நிரம்பவில்லை. பட்டியல்காரர்கள் அவரை உச்சியில் வைத்தார்கள். சிலர் சிரித்தார்கள். அவர் ஆண்டின் சிறந்த வீரராகவே முடித்தார். ஸ்மால் ஃபார்வர்டுக்கான ஜூலியஸ் எர்விங் விருது பெற்றார், என்.பி.ஏ. தேர்விலும் முதல் ஆளாகப் போனார். பந்தைக் கொண்டுவருவார், தூரத்திலிருந்து எறிவார், வளையத்தையும் காப்பார். உண்மையில் எந்த ஓர் இடத்துக்குள்ளும் அடங்காதவர். இடவாரிப் பட்டியலின் இன்னொரு சங்கடம் அது. ஆட்டமே இப்போது இடங்களின் எல்லையைக் கலைத்துவருகிறது. விருதுக்கு மட்டும் ஒரு பெட்டி தேவைப்படுகிறது.

பெண்கள் பிரிவிலும் ஐந்து இடங்களுக்கு ஐந்து விருதுகள் உண்டு. எந்த வரிசையும் கணக்கில் எடுக்காத ஒரு தடையை அங்கே சொல்லியாக வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிக் கூடைப்பந்தில் 3,070 புள்ளி என்ற சாதனை படைத்தவர் பில்கீஸ் அப்துல் காதிர். மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காக டிவிஷன் ஒன்றில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண். கல்லூரி முடித்து வெளிநாட்டில் தொழில்முறையாக ஆட முயன்றபோது, தலையை மறைக்கக் கூடாது என்ற சர்வதேச அமைப்பின் விதி குறுக்கே நின்றது. 2017இல் விதி மாறியது. அவருக்கு அது தாமதமாக வந்த நீதி.

யூகத்தின் விலை

முன்பெல்லாம் இந்த யூகத்தால் பெரிய கேடு இல்லை. தவறினால் பத்திரிகையாளர்தான் வெட்கப்படுவார். இப்போது நிலை வேறு. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். 'நாட்டின் சிறந்த ஐந்து பாயிண்ட் கார்டுகளில் ஒருவர்' என்று அச்சில் வந்த வரி, பேரம் பேசும் மேசையில் கண்டிப்பாக எடைபெறும். வரிசையில் இல்லாத பையனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அது எதிர்ப்பக்கமாக எடைபோடும்.

இன்னொன்று நம் வீடுகளுக்கு நேரே தொடர்புடையது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, விளையாட்டுப் பந்தயம் அங்கே பல மாநிலங்களில் சட்டப்படியானது. சீசனுக்கு முந்தைய பட்டியல் வெளியாகும் அதே நாட்களில், யார் சிறந்த வீரராவார் என்பதற்குப் பந்தயக் கம்பெனிகள் விலை போடுகின்றன. ஒரு குறிப்பிட்ட மாணவர் இன்று எத்தனை புள்ளி எடுப்பார் என்பதற்கே பணம் கட்டுகிறார்கள். பணம் இழந்தவர்கள் அந்த மாணவருக்கே வசைச் செய்தி அனுப்புகிறார்கள். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கர், தனி வீரர் மீதான பந்தயங்களைத் தடை செய்யும்படி 2024 மார்ச்சில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார்.

பட்டியலைப் படிப்பதும், 'இவர்தான் ஜெயிப்பார்' என்று நண்பர்களோடு வாதிடுவதும் சூதாட்டம் அல்ல. பணம் நுழைந்தால் கதை மாறுகிறது. அல்மாயிதா 90ஆம் வசனம் தடுத்த மைசிர் அதுதான். நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்யும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். 'நீ சொன்னவன் தோத்தா நீ பிரியாணி வாங்கணும், நான் சொன்னவன் தோத்தா நான் வாங்கறேன்' என்பதும் இரு பக்கமும் பணயம் வைத்ததுதான். பிரியாணி என்பதால் சட்டம் மாறாது. வாங்கிக் கொடுக்க ஆசை இருந்தால் பந்தயமில்லாமல் வாங்கிக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது?

இதையெல்லாம் கேட்ட பிறகு அந்தத் தம்பி, "அப்ப இந்த லிஸ்ட்ட எப்படித்தான் ஹஜ்ரத் படிக்கிறது?" என்றார். பெயருக்குப் பக்கத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று பாருங்கள் என்றோம். திரும்பி வருபவரா, மாறி வந்தவரா, புதியவரா? காரணம் சொல்லியிருக்கிறாரா, வெறும் எண் போட்டிருக்கிறாரா? சென்ற ஆண்டு இதே ஆள் போட்ட பட்டியல் ஏப்ரலில் எப்படி இருந்தது? அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை; தேடினால் கிடைத்துவிடும்.

அவர் 20 பெயரையும் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறார். ஏப்ரலில் எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். ரமளான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்வதால், இனி வரும் சில ஆண்டுகளுக்கு நோன்பு முழுக்க இந்த ஆட்டங்களின் நடுவிலேயே வரும். பகல் குறைந்த குளிர்காலம் என்பதால் அங்குள்ள முஸ்லிம் மாணவர்களுக்கு அது சற்று இலகுவாகவும் இருக்கும். பட்டியலில் உயரம், எடை, சென்ற ஆண்டின் புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. சஹருக்கு எழுந்தாரா என்பதற்குக் கட்டம் இல்லை.